கியூஆர்பி பெட்டியோடு கடற்கரைக்கு: ராமநாதபுரம் பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

மண்டபம் கரையில் கம்பு நட்டு, கம்பி கட்டி, கையால் செய்த சின்ன ஹாம் வானொலிப் பெட்டி அடங்கிய தகர டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஆள் கூடிவிடும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மீன் கடிக்குதா?" மற்றக் கேள்விகள் அப்புறம் வரும். கரையில் கேட்டவர்கள், புதிதாக உரிமம் வாங்கியவர்கள், சால்டரிங் வாசம் பிடித்துப்போன கல்லூரிப் பையன்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கியூஆர்பி என்றால் என்ன?

தந்திக் காலத்திலிருந்து வரும் கியூ குறியீடுகளில் ஒன்று. "சக்தியைக் குறை" என்று பொருள். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்கள் வழக்கில் மோர்ஸ் தந்திக்கு 5 வாட், குரலுக்கு 10 வாட், அதற்குள் நின்று பேசுவது கியூஆர்பி. வீட்டு விடிபல்பு எரியும் அளவு மின்சாரம்தான்.

ஐந்து வாட் எங்கே போய்ச் சேரும்? நூறு வாட் பெட்டி வாங்கிவிடலாமே?

வாங்கலாம், தூக்கிக்கொண்டு மணலில் நடக்கத் தயார் என்றால். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையில் 20 மடங்கு. டெசிபலில் அது 13. ரிசீவரில் சிக்னலின் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு கட்டம் 6 டெசிபல். ஆக, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் சிக்னல் இரண்டு கட்டம் இறங்கிக் கேட்கும், அவ்வளவுதான். எஸ்7 இருந்த இடத்தில் எஸ்5. மோர்ஸுக்கு அது தாராளம்.

அந்த இரண்டு கட்டத்தைக் கம்பியிலும் இடத்திலும் திரும்பப் பிடித்துவிடலாம். நம் கரையில் அது இன்னும் சுலபம்.

ஏன்? கடலுக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து தாழ்வான கோணத்தில் கிளம்பும் அலைதான் தூரம் போகும். ஆனால் அந்த அலையோடு சேர்ந்து, எதிரே உள்ள தரையில் பட்டுத் தெறித்த அலையும் போகிறது. தரை காய்ந்த மணலாக இருந்தால், தாழ்ந்த கோணங்களில் தெறித்த அலை நேர் அலைக்கு எதிராக நின்று அதைத் தின்றுவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதில் காய்ந்த மணலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மேல். அங்கே தெறிக்கும் அலை நேர் அலைக்குத் தோள் கொடுக்கிறது. அதனால் தண்ணீர் ஓரத்தில் நட்ட ஐந்து மீட்டர் கம்பி, ஊருக்குள் மொட்டை மாடியில் நிற்கும் பெரிய ஆன்டெனாவோடு சரிக்குச் சரி நிற்கும்.

ஓரம் என்றால் ஓரம்தான். ரோட்டோரப் பனைமரத்தடி நிழல் நன்றாக இருக்கிறதே என்று ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இந்த லாபத்தில் பெரும்பங்கு போய்விடும். நம் பக்கம் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈர மணல் விளிம்பில் நட்டால் பயப்பட வேண்டியதில்லை, பையை மட்டும் கொஞ்சம் மேலே வையுங்கள்.

இன்னொரு காரணம் இரைச்சல். ராமநாதபுரம் டவுனில் என் வீட்டில் விடியற்காலையில் ரிசீவரைப் போட்டால் சட்டியில் மீன் பொரிகிற சத்தம்தான் கேட்கும். மின்கம்பத்துப் பீங்கானில் உப்புக் காற்று படிந்து, பனி இறங்கியதும் அதன் மேல் பொறி ஓடுகிறது. வெயில் ஏறிப் பனி காய்ந்தால் சத்தம் அடங்கும். எல்இடி பல்பும் சார்ஜரும் அடங்குவதே இல்லை. கரையில் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. எதிர்முனையில் இருப்பவரும் 5 வாட்காரராக இருந்தால் நீங்கள் அவரைக் கேட்பதற்கே இந்த அமைதி வேண்டும்.

எந்தக் கரை நல்லது?

இந்த வசதி வேறு மாவட்டக்காரர்களுக்குக் கிடையாது. மண்டபத்தில் இரண்டு கடலும் நடை தூரம். வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர்கள் சொல்லும் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். ஜப்பான், சீனா பக்கம் பேச வேண்டுமென்றால் வடகரை. இந்தியப் பெருங்கடல் தீவுகள், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் தென்கரை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கரையில் கம்பு நிற்காது, வடகரை குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் கதை மாறும். காற்றுக்குத் தகுந்தபடி கரையைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கிற திசையோடு பேசுவது என் வழக்கம்.

அரிச்சல்முனையில் மூன்று பக்கமும் தண்ணீர், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் அதிகம், இருட்டிய பின் இருக்க விடமாட்டார்கள். நமக்கு நல்ல நேரம் தொடங்குவதே பொழுது சாயும்போதுதான். தேவிபட்டினம், தொண்டி, சேதுக்கரை, வாலிநோக்கம் எல்லாம் அமைதியான கரைகள். ஹாம்காரர்கள் இடத்தைச் சொல்லும் கட்டக் குறியீடான லொக்கேட்டர் கேட்பவர்களுக்கு: மேற்சொன்ன இடம் எல்லாமே எம்ஜே99 கட்டத்துக்குள்தான்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இலங்கை டவரைப் பிடித்து ரோமிங் காசு பிடுங்கிவிடும்.

உரிமம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அரை வாட் விளையாட்டுப் பெட்டி என்றாலும் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்து அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர் சான்றிதழ் தருகிறது. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரம். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தேர்வு உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் முன் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் உரிமத்தில் நிலையம் இருக்கும் இடம் பற்றி எழுதியிருப்பதை வரி விடாமல் படித்து, வெளியிடத்தில் இயக்குவதற்கு அதில் சொன்னபடி செய்யுங்கள்.

எந்தப் பெட்டியைச் செய்வது?

இதுவரை சால்டரிங் அயர்ன் பிடிக்காதவர் என்றால் பிக்ஸி. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ஐசி, ஒரு கிரிஸ்டல். அனுப்பும்போது சக்தியைப் பெருக்கும் அதே டிரான்சிஸ்டர், கேட்கும்போது மிக்சராக வேலை செய்கிறது. அந்தச் சிக்கனத்தைப் பார்த்தே நான் மயங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதில் கேட்பதுதான் கஷ்டம். 40 மீட்டர் அலைநீளப் பேண்டில் நமக்கு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேலே சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள். சாயங்காலம் ஆனால் அவை பிக்ஸிக்குள் புகுந்துகொண்டு செய்தி வாசிக்கும். பகலில் பயன்படுத்துங்கள், அல்லது கற்றுக்கொள்ள மட்டும் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது எது என்றால் பிட்எக்ஸ். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (கால்சைன், அதாவது வானொலி அழைப்புப் பெயர், வியு2இஎஸ்இ) நம் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே வடிவமைத்த, குரலில் பேசும் எஸ்எஸ்பி வகைப் பெட்டி. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அதில் பெருக்கிகள் இரண்டு பக்கமும் ஓடும்: கேட்கும்போது ஒரு திசை, பேசும்போது எதிர்த்திசை. கம்ப்யூட்டருக்குப் போடும் மலிவான கிரிஸ்டல்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கி எடுத்து ஃபில்டர் கட்டலாம். குரலில் பேச ஆசைப்படுகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

எது செய்தாலும் கடைசியில் லோபாஸ் ஃபில்டரை, அதாவது மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டியை, விட்டுவிடாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸ் பெட்டி 14லும் 21லும் தன் நிழலை அனுப்பும். அடுத்தவர் பேண்டை அழுக்காக்குவதற்கு 'கைவேலை' என்பது சாக்கு ஆகாது.

சாமான் எங்கே வாங்குவது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், கனெக்டர் எல்லாம் கிடைக்கும். பிசி547, பிடி139, ஐஆர்எஃப்510 கேட்டால் கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துத் தருவான். சுருள் சுற்றும் வளையமான டொராய்டு கேட்டால்தான் நிமிர்வான். அதை ஆன்லைனில் வாங்குவதே நல்லது. கெட்டுப்போன சிஎஃப்எல் பல்பை உடைத்தால் உள்ளே சின்ன ஃபெரைட் வளையம் ஒன்று இருக்கும், சோதனைக்கு ஆகும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும் வளையத்தை மட்டும் நம்பாதீர்கள். அது இந்த அலைவரிசையில் சக்தியைக் குடித்துச் சூடாகும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அந்த வளையத்திடம் பறிகொடுத்தேன்.

மற்றது எல்லாம் உள்ளூர். ஒயர் எலக்ட்ரிகல் கடையில், கயிறும் தங்கூசியும் ஈயக்குண்டும் வலைக்கடையில். கீழக்கரையில் ஹார்டுவேர் கடைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், பிவிசி பைப்பை இரண்டு இஞ்சுத் துண்டுகளாக அறுத்துத் தரச் சொன்னபோது, "என்ன தம்பி, இதுல தண்ணி எங்க போகும்?" என்றார். தண்ணீர் போகாது காக்கா, கம்பி இரண்டையும் பிரித்து வைக்கும் இன்சுலேட்டர் என்று விளக்கினேன். காசு வாங்கவில்லை.

ஆன்டெனா எப்படிக் கட்டுவது?

மூன்று வகை போதும்.

முதலாவது கால் அலைச் செங்குத்து. 20 மீட்டர் பேண்டுக்கு 5.1 மீட்டர் ஒயர். தூண்டில் கம்பு அல்லது மூங்கில் கழியில் மேலிருந்து கீழாக ஒட்டி, அடியில் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியோடு சேருங்கள். கேபிளின் மேல்வலையில் அதே நீளத்தில் இரண்டு அல்லது நான்கு ஒயர்களைச் சேர்த்து, ஈர மணல் மேல் தண்ணீர்ப் பக்கமாகப் பரப்புங்கள். இதுதான் கடலின் லாபத்தை முழுக்க வாங்கும் ஆன்டெனா. படுக்கையாகக் கட்டிய கம்பிக்கு அந்த லாபம் பெரிதாகக் கிடையாது.

இரண்டாவது டைபோல். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.03க்கு 20.3 மீட்டர், பக்கத்துக்குப் பத்துச் சொச்சம். உறை போட்ட ஒயர் என்றால் முடிவில் சில விழுக்காடு குறையும். அதனால் முதலில் நீளமாக வெட்டிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. இதை ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை நேரே மேலே போய்த் திரும்பி விழும். சென்னையும் பெங்களூரும் நமக்கு நேர்கோட்டில் 400 முதல் 450 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு இதுதான் சரி. "தாழ்வாக இருக்கிறதே" என்று வருத்தப்பட வேண்டாம்.

மூன்றாவது, நுனியில் ஊட்டும் அரை அலைக் கம்பி. ஃபெரைட் வளையத்தில் சுற்றிய 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஒரே ஒரு மரம் இருக்கும் இடத்துக்கு ஏற்றது.

மரம் என்றதும் ஒன்று. உச்சிப்புளி பக்கம் ஒரு பனை மேல் கயிறு போட முக்கால் மணி நேரம் போராடினேன். தங்கூசியில் ஈயக்குண்டைக் கட்டி வீசுவேன், குண்டு மட்டையில் மாட்டும், இழுத்தால் அறும். மூன்று குண்டு போனது. சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பனையேறி ஒருவர், "இதுக்கா தம்பி இந்தப் பாடு? குடுங்க" என்று கயிற்று நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்காமல் இறங்கி வந்து, மேலே அகப்பட்ட என் ஈயக்குண்டுகளையும் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பனை கண்டால் நான் வீசுவதில்லை. சவுக்குக்கு மட்டும் வீச்சு சரி. காய்ந்த ஓலை காற்றில் உரசிக் கம்பியை அறுக்கும், அதையும் கவனியுங்கள்.

ஆன்டெனா பெட்டியோடு பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் வாங்க வேண்டுமா?

ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூன்று 50 ஓம் ரெசிஸ்டர், ஒரு டயோடு, ஒரு எல்இடி வைத்து 'பாலம்' எனப்படும் சின்ன மின்சுற்று ஒன்றைக் கட்டுங்கள். ஆன்டெனா பொருந்தினால் விளக்கு அணையும், பொருந்தாவிட்டால் எரியும். மீட்டர் முள்ளைவிட வெயிலில் இது கண்ணுக்குத் தெரிவது கடினம்தான், கையால் மறைத்துப் பாருங்கள். இதன் பெரிய நன்மை, கம்பி அறுந்து கிடந்தாலும் உங்கள் டிரான்சிஸ்டர் பார்க்கும் எஸ்டபிள்யூஆர் 2க்கு மேல் போகாது. சரிசெய்து முடித்ததும் பாலத்தைச் சுற்றிலிருந்து விலக்க மறக்காதீர்கள். சக்தியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

வீட்டில் சோதிக்க, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடு: 1000 ஓம் ரெசிஸ்டர் 20ஐப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 50 ஓம். ஒரு வாட் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி?

5 வாட் வெளியே வர ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது 100 மில்லி ஆம்பியர் போல. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால்கூட ஒரு ஆம்பியர் மணி செலவாகாது. அதற்கு இரண்டு கிலோ யுபிஎஸ் பேட்டரி எதற்கு? 18650 செல் மூன்றைத் தொடராக, பாதுகாப்புப் போர்டோடு சேர்த்தால் போதும். சிவப்பு, கறுப்பு மாற்றிப் போட்டாலும் பெட்டி கருகாதபடி ஒரு டயோடு போடுங்கள். நான் போடவில்லை. அலைச் சத்தத்தில் 'டப்' என்ற சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை, வாசம்தான் சொன்னது.

மோர்ஸ் தெரியாமல் முடியாதா?

முடியும். பிட்எக்ஸ் இருக்கிறது, கம்ப்யூட்டர் வழியே பேசும் எஃப்டி8 இருக்கிறது. ஆனால் ஐந்து வாட்டுக்கு மோர்ஸ்தான் பொருத்தம், கைவேலைக்கும் அதுதான் சுலபம். சாவிக்கு உடைந்த ஆக்சா பிளேடு ஒரு துண்டு, மரக்கட்டை, இரண்டு திருகாணி. எழுத்துகளைப் புள்ளி, கோடு என்று தாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். காதால் பழகுங்கள். 'டா-டி-டா-டிட், டா-டா-டி-டா' என்று கேட்டால் யாரோ எல்லோரையும் கூப்பிடுகிறார்கள் என்பது பாட்டு மெட்டு போல மனதில் விழ வேண்டும்.

எந்த நேரத்தில் எந்த பேண்ட்?

காலையிலும் பிற்பகலிலும் 40 மீட்டர், உள்நாட்டுக்கு. உச்சி வெயிலில் அது மங்கும், அப்போது 15, 10 மீட்டர். பொழுது சாயும்போது 20 மீட்டர். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். அதனால்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. பகலில் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் நல்ல அடர்த்தி. இருட்டியதும் சில நாள் அது கலங்கி, சிக்னல் நடுங்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று அன்றே திருப்புளியை எடுக்காதீர்கள். 5 வாட்காரர்கள் கூடும் இடங்கள் 7.030, 14.060, 21.060, 28.060. நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதுங்கள், நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் குறைத்து.

போலீஸ் கேட்பார்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இது எல்லைக் கரை. உரிமத்தின் நகல், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதல் நாளே பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருமுறை இரண்டு காவலர்கள் வந்து, "என்ன தம்பி, சிலோனுக்கா பேசுறீங்க?" என்றார்கள். உரிமத்தைக் காட்டி, "வாங்கண்ணே, கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தேன். பெரியவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "ஒரே கீச்சு கீச்சுன்னு இருக்கு" என்று திருப்பித் தந்தார். டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கடற்படை வளாகம், கலங்கரை விளக்கம், பாம்பன் பாலம், துறைமுகம் பக்கம் கம்பு நடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது, வானொலிக்காகவும் கூடாது.

இதை வைத்து மீனவர்களின் வாக்கி டாக்கியோடு பேசலாமா?

கூடாது. கடல் வானொலி தனி, அதன் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அழைப்புக்கானது. ஹாமில் வியாபாரம், மீன் விலை எதுவும் பேசக் கூடாது.

புயல் வந்தால் உதவுமா?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது முதலில் போனவற்றில் ஒன்று தகவல் தொடர்பு. 2004 சுனாமியின்போது ஹாம் இயக்கத்துக்காகவே போர்ட் பிளேயர் போயிருந்த பாரதி பிரசாத் குழு, வேறு வழிகள் அறுந்த நேரத்தில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் கடையில் புதிதாக வைத்திருக்கும் பெட்டி உதவாது. மாதம் இருமுறை வெளியே எடுத்துப் போய், எந்தக் கயிறு குறைகிறது, எந்த பின் ஆடுகிறது என்று தெரிந்து வைத்திருப்பவரின் பெட்டிதான் உதவும். டவரும் கரண்டும் போன ஊரில் தாழ்வான 40 மீட்டர் டைபோலும் சின்ன பேட்டரியும் சென்னை வரை பேசும்.

உப்பு?

எதிரி. வீட்டுக்கு வந்ததும் ஒயரையும் கம்பையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கனெக்டரில் கொஞ்சம் வாசலின். செம்பு பச்சை பிடித்த இடத்தை வெட்டி எறிந்து புதிதாகச் சேருங்கள்.

இடி?

தூரத்தில் மின்னினாலே கம்பை இறக்குங்கள். திறந்த கரையில் உயரமான பொருள் உங்கள் கம்புதான், அதற்கு அடுத்தது நீங்கள்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் கூப்பிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. என்ன தப்பு?

பெரும்பாலும் தப்பு ஒன்றுமில்லை. கூப்பிடுவதைவிடக் கேளுங்கள். பலமாகக் கேட்கும் ஒருவர் அழைத்து முடிக்கும் நொடியில் உங்கள் கால்சைனை ஒருமுறை மட்டும் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மோர்ஸில் 'சிக்யூ' (எல்லோருக்குமான அழைப்பு) போட்டுவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் தளத்தைத் திறங்கள். உலகம் முழுக்கத் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவர்கள், கேட்ட கால்சைனையும் அளவையும் அங்கே எழுதுகின்றன. என் முதல் நாளிலும் ஒரு மனிதர்கூடப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஜப்பானில் ஒரு ரிசீவர் என் பெயரை எழுதி வைத்திருந்தது, இரைச்சலுக்கு மேல் ஆறு டெசிபல். அந்தத் திரையைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். "சரி, வரும்போது நண்டு வாங்கிட்டு வாங்க" என்று பதில் வந்தது.